சின்னப்பொண்ணுக்குப் பட்டுச் சேலை

கெலமங்கலம்
5 அக்டோபர் 2025

ஏழாம் நம்பர் மெஷினின் வீட்டுக்காரருக்கு,

நஞ்சம்மா எழுதுகிறேன். நீங்கள் தாலி கட்டிய நஞ்சம்மா. வேறு யாரோ என்று குழம்பிவிடக் கூடாதே என்று சொல்லிவைக்கிறேன்.

பேசாமல் எழுதுகிறாளே என்று பார்க்கிறீர்களா? என் போனை நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அது கையில் இருந்தால் நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று உங்கள் போனுக்குக் கோள் சொல்லும். அண்ணனின் பூ வண்டியை ஓட்டும் மணிகண்டன் தினமும் விடிவதற்கு முன் ரோஜா ஏற்றிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்கு வருகிறான். அவன் இதை உங்கள் கம்பெனி கேட்டில் கொடுப்பான். பதில் இருந்தால் அவனிடமே கொடுங்கள். நன்றாக ஒட்டிக் கொடுங்கள், அவன் படிப்பான்.

அந்தக் கடுகு நிறப் பட்டு, அரக்கு பார்டர் போட்டது. நம் கல்யாண நாளன்று அதைக் கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை தலையைத் தூக்கி என்ன சொன்னீர்கள்? "டேங்க்ல தண்ணி தொண்ணூறு சதவீதம் இருக்கு." அவ்வளவுதான். மறுபடி போனுக்குள் போய்விட்டீர்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷினுக்குச் சந்தனம் வைப்பார்கள், மாலை போடுவார்கள், கம்பெனியில் சுண்டல் கொடுப்பார்கள். நீங்கள் என் பீரோவைத் திறந்து அந்தப் பட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் இடுப்பில் கட்டியிருக்கிறீர்கள். கொசுவம் வைத்து! இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாள் கொசுவம் பிடித்து விட்டதுண்டா? அது போதாதென்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் வேறு. "எங்க சின்னப்பொண்ணு எப்படி இருக்கா பாருங்க!" பக்கத்தில் சிவப்பு இதயம். எதிர்வீட்டு சாந்தம்மா அதை என்னிடமே காட்டி, "உன் பொடவ அவளுக்கு நல்லா எடுப்பா கீது நஞ்சம்மா" என்கிறாள்.

அது இரும்பு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பல் சக்கரம் வெட்டுகிற மெஷின். பொம்பளையாக இருந்தால் போய் கொண்டையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டிருப்பேன். இரும்பை எங்கே பிடிப்பது?

போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொடாமலே "மாத்திரை போட்டுக்க" என்றீர்கள். அவள் உடம்பு முழுக்கச் சென்சார் ஒட்டி, சூட்டையும் நடுக்கத்தையும் போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். லேசாகச் சூடு ஏறியதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுகிறீர்கள். எனக்கும் ஒரு சென்சார் ஒட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

நான் கிளம்பும்போது வாசலில் நின்று கத்தினீர்களே, "போனா போ, கதவுப் பூட்டுல இருந்து உன் கட்டைவிரல் ரேகைய அழிச்சிருவேன்" என்று. அழித்துவிட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

கட்டைவிரல் இன்னும் கையோடு இருக்கிற
நஞ்சம்மா


ஓசூர்
8 அக்டோபர் 2025

அன்புள்ள நஞ்சு,

கேட்டில் செக்யூரிட்டி "சார், சம்சாரத்துகிட்ட இருந்து லெட்டர்" என்று மைக்கில் சொல்லாத குறையாகச் சொல்லிவிட்டான். மொத்த ஷிஃப்டும் திரும்பிப் பார்த்தது. இந்தக் காலத்தில் கடிதம் வந்தால் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து லைன் பெரியதம்பி தன் மெஷினுக்குப் புது வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டு, மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிட்டான். நம் மெஷின் வெறும் சந்தனத்தோடு நின்றது. எல்லாரும் "என்ன மாரிசாமி அண்ணாச்சி, உங்க பொண்ணு மூளியா நிக்குது" என்றார்கள். சாத்தூர்க்காரனுக்கு அது பொறுக்குமா? வீட்டுக்கு ஓடி வந்தேன். பீரோவில் முதலில் கைக்கு வந்தது அதுதான். முந்தானையில் ஒரே ஒரு இடத்தில் எண்ணெய் பட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நீ உற்றுப் பார்ப்பாய் என்பதும் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ போனதிலிருந்து போனில் நம் வீடு முழுக்கப் பச்சையாக, ஒரு கோளாறும் இல்லாமல் இருக்கிறது. தண்ணீர் டேங்க் பச்சை. கீஸர் பச்சை. ஃப்ரிட்ஜ் கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தால் எனக்கு அலர்ட் வருமே, நான் கூப்பிட்டு "என்ன தேடற?" என்று கேட்பேனே, நீ "ம்ம், உங்க புத்தியத் தேடறேன்" என்பாயே? அந்த அலர்ட் வரவே இல்லை. மெஷின் இப்படி இருந்தால் சந்தோஷப்படுவேன். வீடு இப்படி இருந்தால் ஏதோ பழுது என்றுதான் படுகிறது. நேற்று நான் தாளித்ததற்கு மட்டும் கேஸ் சென்சார் கத்தியது. அதுவாவது என்னிடம் பேசியதே.

சாந்தம்மா வாசல் கேமராவின் முன் நின்று, "இன்னா சார், சண்டையா? எத்தினி நாளைக்கு?" என்று கேமராவிடமே கேட்டுவிட்டுப் போகிறாள்.

பூட்டு விஷயம் நேரில் பேசலாம்.

மாரிசாமி


கெலமங்கலம்
14 அக்டோபர் 2025

பச்சை விளக்கு வீட்டுக்காரருக்கு,

"நேரில் பேசலாம்" என்றால் அழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சரி. இங்கே எனக்குக் கதவுகளுக்குப் பஞ்சமில்லை.

அண்ணனின் பாலிஹவுஸை, ரோஜா வளர்க்கிற அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்தை, இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் நீங்கள் வந்து சிம் போட்டு, கன்ட்ரோலரை முடுக்கிக் கொடுத்தீர்களே, அதே பாலிஹவுஸ்தான். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், கதவு திறந்ததா மூடியதா, எல்லாம் போனில் வருகிறது. அண்ணனுக்கு அந்தப் போனைப் பார்த்தாலே அலர்ஜி. "நீயே பாத்துக்கம்மே, எனக்கு இந்த எளவு புரியல" என்று என் கையில் கொடுத்துவிட்டான். தண்ணீர் வால்வு, மேலே பனி மாதிரி தெளிக்கிற ஃபாகர், எல்லாம் என் விரலில். பூட்டிலிருந்து அழித்த அதே விரல்தான்.

சொல்லிக் கொடுக்க ஆனந்த் என்று ஒருவர் வருகிறார். கன்ட்ரோலர் விற்ற கம்பெனியின் இன்ஜினியர். நாலு மணிக்கு மேல்தான் வருவார், வெயில் இறங்கட்டும் என்று. எவ்வளவு பொறுமை தெரியுமா? ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நேற்று நான் நல்ல சேலை கட்டியிருந்தேன். "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்குங்க மேடம்" என்றார்.

டேங்க் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நஞ்சம்மா


ஓசூர்
17 அக்டோபர் 2025

நஞ்சு,

மேடமா?

யார் இந்த ஆனந்த்? வயது என்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? எந்த ஊர்? சர்வீஸுக்கு வருகிறவன் கன்ட்ரோலரைப் பார்க்க வேண்டும், சேலையைப் பார்ப்பது எந்த மெயின்டனன்ஸ் புத்தகத்தில் இருக்கிறது? ஒரு கேள்வியை மூன்று தடவை சொல்லிக் கொடுக்கிறான் என்றால் முதல் தடவை சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். அந்த கன்ட்ரோலரை முடுக்கிக் கொடுத்தவன் நான். சந்தேகம் என்றால் என்னைக் கேட்டிருக்கலாம். நான் ஒரு தடவையிலேயே சொல்வேன்.

பொறாமை என்று நினைக்காதே. தொழில் அக்கறை.

பெரியதம்பியிடம் சும்மா பொதுவாகக் கேட்டேன், "நாலு மணிக்கு மேல சர்வீஸ் பண்ற வழக்கம் உண்டா?" என்று. அவன், "அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சு டீ குடிக்கத்தான் நாலு மணிக்கு வருவாங்க" என்றான். அதிலிருந்து எனக்கு டீ இறங்கவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன். காலை பஸ்ஸில். சேலையையும் கொண்டு வருகிறேன்.

மாரிசாமி


கெலமங்கலம்
22 அக்டோபர் 2025

வராதவருக்கு,

கஜ்ஜாயம் சுட்டேன், உங்கள் சாத்தூரில் அதிரசம் என்பீர்களே, அதுதான். நீங்கள் எட்டு தின்பீர்கள் என்று எட்டு தனியாக எடுத்து மூடி வைத்தேன். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்றான். "மாப்ள வரலம்மே" என்று தனியாகத் திரும்பி வந்தான்.

மறுநாள் மணிகண்டன்தான் உங்கள் கம்பெனி கேட்டில் கேட்டு வந்து கதையைச் சொன்னான். பஸ்ஸில் ஏறினீர்களாம், மத்திகிரியில் போன் கத்தியதாம், அங்கேயே இறங்கித் திரும்பி ஓடிவிட்டீர்களாம். சேலைப் பை பஸ்ஸிலேயே போய்விட்டதாம்! நல்லவேளை, கண்டக்டர் அண்ணனுக்குத் தெரிந்தவர். பை வந்துவிட்டது. எண்ணெய் ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில். ஏன் பொய் சொன்னீர்கள்?

தீபாவளியன்றும் அவளுக்குத்தான் சூடு. எங்களுக்கெல்லாம் ஜில்லென்று இருந்தது.

உங்கள் எட்டையும் ஆனந்துக்குக் கொடுத்தேன். அவர் ரெண்டுதான் சாப்பிட்டார். "போதுங்க மேடம், டயட்" என்றார். நாகரிகம் தெரிந்தவர்.

நஞ்சம்மா


ஓசூர்
1 நவம்பர் 2025

நஞ்சு,

அன்று பேரிங் போயிருந்தால் லைன் மொத்தமும் நின்றிருக்கும். அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை. வேறு விஷயம் பேச வேண்டும்.

உங்கள் பாலிஹவுஸ் ஆப் என் போனிலும் இருக்கிறது. போன வருடம் போட்டது. மச்சான் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். தொழில் அக்கறையில்.

இந்த வாரம் முழுவதும் சரியாக நாலு மணிக்குக் கதவு திறக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி திறக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வால்வும் ஓடவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. ஒரு வேலையும் நடக்கவில்லை. ஆனால் ஈரப்பதம் மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஆள் மூச்சு விட்டால் ஈரம் ஏறும். இருபத்தைந்து வருடமாக நான் கிராஃப் பார்க்கிறவன். அது ஒரு ஆள் மூச்சு மாதிரி தெரியவில்லை.

ரெண்டு ஆள் மூச்சு.

இதற்கு என்ன விளக்கம் என்று எழுது. இல்லாவிட்டால் விளக்கத்தை நானே வரவழைப்பேன்.

மாரிசாமி


கெலமங்கலம்
4 நவம்பர் 2025

மூச்சு எண்ணும் இன்ஜினியருக்கு,

விளக்கம் கேட்டீர்கள். முதலில் நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

நாலு மணிக்கு உள்ளே போனேன். தனியாக. வழக்கம்போல ரெண்டாவது வரிசை ஓரத்தில் பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பாதியில் மேலே குழாய்கள் எல்லாம் புஸ் என்று சீறின. நான் தொடவில்லை. ஃபாகர் தானாக ஓடுகிறது. அண்ணனின் போனில் நிறுத்து நிறுத்து என்று அழுத்துகிறேன், நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. நிறுத்துகிறேன், ஓடுகிறது. உங்களோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போட்டது மாதிரியே இருந்தது. அப்போதே புரிந்துவிட்டது யார் கை என்று. இந்தப் பிடிவாதம் கெலமங்கலத்தில் யாருக்கும் கிடையாது.

அண்ணன் ஓடி வந்தான். உள்ளே கால் வைத்ததும் தலையிலிருந்து கால்வரை நனைந்தான். அவனுக்குக் கோபம் முற்றினால் தமிழ் வராது, கன்னடத்துக்குப் போய்விடுவான். நேற்று கன்னடமும் தீர்ந்து தெலுங்குக்குப் போனான். அதை மாற்றாமல் எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. தமிழில் சுருக்கமாக: "மாப்ள கையில கெடைக்கட்டும்." மழைக்காலத்தில் சாயங்காலம் இலை நனைந்தால் பூவில் சாம்பல் பூஞ்சை வந்துவிடும். முகூர்த்தத்துக்கு வெட்ட வேண்டிய பூ அது. ராத்திரி வருவதற்குள் நானும் அண்ணியும் வரிசை வரிசையாகச் செடியை உலுக்கி விட்டோம். இன்று பார்த்தால் ஒரு ஓரம்தான் போயிருக்கிறது. தப்பித்தோம்.

இப்போது விளக்கம். ஆனந்த் இந்தப் பக்கம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கஜ்ஜாயம் சாப்பிட்ட அன்றே அவர் வேலை முடிந்தது. அவருக்குக் கல்யாணமாகி ரெட்டைப் பிள்ளைகள். சாயங்காலம் வெயில் இறங்கினால் ஈரப்பதம் தானாக ஏறும் என்று முதல் நாளே அவர் சொல்லிக் கொடுத்தார். ரெண்டு ஆள் மூச்சாம். ஆயிரம் ரோஜாச் செடியின் மூச்சு அது! இருபத்தைந்து வருடம் கிராஃப் பார்த்தவர் செடி மூச்சு விடும் என்பதை மறந்துவிட்டார்.

தினமும் நாலு மணிக்கு அங்கே நான் என்ன செய்கிறேன் என்று கேட்கிறீர்களே. வீட்டில் அண்ணி டிவி போடுகிறாள், மணிகண்டன் எட்டிப் பார்க்கிறான். எழுத உட்கார எனக்கு வேறு இடமில்லை. உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து நாளாக ஒரே கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்து, நேற்றுதான் அது சரியாக வந்தது. கையெழுத்துப் போடும்போது நீங்கள் பட்டனை அழுத்தினீர்கள்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். காயவைத்துப் பார்த்தேன். நீல மை எல்லாம் ஒன்றாக ஓடிவிட்டது. அதில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவைதான் எனக்கு அப்படி எழுத வந்தது. உங்கள் சின்னப்பொண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு நனைந்ததைப் படிக்கத் தெரியுமோ என்னவோ.

நஞ்சம்மா


ஓசூர்
8 நவம்பர் 2025

நஞ்சு,

அந்தக் காகிதத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பெனிக்குக் கொண்டு போய், விரிசல் பார்க்கிற பெரிய லென்ஸ் அடியில் வைத்துப் பார்த்தேன். மேலே "ஏங்க" தெரிகிறது. நடுவில் ஒரு "ரோஜா". கடைசியில் "வ" என்று ஆரம்பிக்கிற ஏதோ ஒரு வார்த்தை. வருகிறேனா, வரமாட்டேனா? பெரியதம்பி தோள் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, 'வக்கீல்'னு கூட இருக்கலாம்" என்றான். அவனை அடிக்கப் போனேன்.

நஞ்சு, நீ சேலை கட்டி நடந்த அன்று நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கண்ணுக்கு முன்னால் இருந்த டேங்கைச் சொன்னேன். மெஷினுக்கு என்றால் எனக்கு வார்த்தை வருகிறது. அது திரும்பிப் பார்க்காது, சிரிக்காது, "இவ்வளவுதானா?" என்று கேட்காது. அந்தப் பயல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆப்பை அழித்துவிட்டேன். மச்சானிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொல். அடிப்பதென்றால் வெளியே வைத்து அடிக்கச் சொல், பூவுக்கு நடுவில் வேண்டாம்.

நாளை ஞாயிறு, முதல் பஸ்ஸில் வருகிறேன். போனை ஃப்ரிட்ஜ் மேல் உன் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறேன். மத்திகிரியில் இறங்க மாட்டேன். சின்னப்பொண்ணு கத்தினால் கத்தட்டும். வந்து உன் வாயாலேயே கேட்கிறேன், அந்த "வ" என்னவென்று.

மாரிசாமி


ஓசூர், நம் வீடு
9 நவம்பர் 2025, ஞாயிறு

கெலமங்கலத்தில் மாட்டிக்கொண்டவருக்கு,

அண்ணன் அடித்து முடித்திருந்தால் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

நீங்கள் நேற்றுக் கொடுத்த கடிதத்தை மணிகண்டன் சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டான். இன்று ஓசூர் மார்க்கெட்டில் பூ இறக்கும்போதுதான் "ஐயோக்கா, இது உங்களுது" என்று நீட்டினான். ஒட்டினது பிரிந்திருந்தது. கேட்டால் "வேர்வைக்கா" என்கிறான். எனக்கு எங்கே வைத்து நீட்டினான் என்று புரிகிறதா? வண்டியில் அவன் பக்கத்து சீட்டில் நான். நான் ஓசூர் வந்து இறங்கினேன், நீங்கள் அந்நேரம் கெலமங்கலம் பஸ்ஸில் ஏறியாகிவிட்டது. கூப்பிட்டு நிறுத்தலாம் என்றால் ரெண்டு போனும் ஒரே ஃப்ரிட்ஜ் மேல். ஊரில் இருக்கிற அத்தனை பொருளுக்கும் நெட் கொடுத்துவிட்டு, நமக்கு மட்டும் தொடர்பில்லாமல் போய்விட்டது.

நனைந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஏங்க, ஞாயிற்றுக்கிழமை ரோஜா வண்டியில் வருகிறேன். வாசலில் நில்லுங்கள்." எழுதியதை மாற்றும் பழக்கம் எனக்கில்லை. வந்தேன். வாசலில்தான் ஆளில்லை.

பூட்டின் முன் ரொம்ப நேரம் நின்றேன். சாந்தம்மா ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, "தொடு நஞ்சம்மா, தொறக்கலன்னா எங்க ஊட்டுக்கு வா, காப்பி போட்டுக் கீறேன்" என்கிறாள். அவளுக்கு அது திறக்காமல் இருந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு. கட்டைவிரலை வைத்தேன். பூட்டு ஒரு விநாடி யோசித்தது, உங்களைப் போலவே. பிறகு திறந்துவிட்டது.

அழிக்கவே இல்லை, அப்படித்தானே? முதல் கடிதத்திலேயே அதை எழுதியிருந்தால் ரோஜா நனைந்திருக்காது.

உள்ளே வந்தால் உங்கள் போன் அலறுகிறது. சின்னப்பொண்ணு. சூடு ஏறுகிறதாம், நடுக்கமாம். கத்தட்டும் என்று விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். மறுபடி கத்தினாள். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த அலர்ட் உங்கள் ஒருவருக்குத்தான் வருகிறது. பெரியதம்பி நம்பரைக்கூடச் சேர்க்க விடவில்லை நீங்கள். உங்களுக்கு அவள் மேலும் அவ்வளவு பொறாமை! மனிதரே, காய்ச்சலில் கிடந்தவளுக்குத்தான் தெரியும் கூப்பிட்டும் ஆள் வராமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று.

உங்கள் போனிலிருந்தே கம்பெனிக்குப் போட்டேன். பெரியதம்பி எடுத்து, "அண்ணாச்சி, சொல்லுங்க" என்றார்.

"அண்ணாச்சி இல்ல, நஞ்சம்மா. ஏழாம் நம்பர நிறுத்துங்க, சூடு ஏறிக் கிடக்கா."

"அக்கா, நீங்களா? அண்ணாச்சி எங்க?"

"எங்க அண்ணன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்காரு. மொதல்ல அவள நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார்கள். பேரிங் போகிற நிலையில் இருந்ததாம், நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்றார். இப்போது ஓய்வில் இருக்கிறாள். பாவம், அவளும் உங்களோடுதானே குப்பை கொட்ட வேண்டியிருக்கிறது.

மணிகண்டன் மதியம் திரும்புகிறான், இதை அவனிடம் கொடுக்கிறேன். சாயங்காலப் பஸ்ஸில் வாருங்கள். என் பட்டு அண்ணி பீரோவில் இருக்கிறது, எண்ணெயோடு அப்படியே எடுத்து வாருங்கள். அதைக் கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் ஒரு தடவை நடப்பேன். டேங்க் பற்றிப் பேசினால் மறுபடி ரோஜா வண்டிதான்.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த அலர்ட்டில் பெரியதம்பி நம்பரைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அதற்கு மேலே என் நம்பர். இனி அவளுக்குச் சூடு ஏறினால் முதலில் எனக்குத்தான் மணி அடிக்கும். நீங்கள் தட்டிலிருந்து எழுந்திருக்கலாமா வேண்டாமா என்பதை நான் சொல்கிறேன்.

நஞ்சம்மா